காடிலாக்: ஒரு பெயர் பொருள் பெற்ற வரலாறு

இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலரில் ஓர் அமெரிக்கக் காரின் வரலாற்றுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் வினவக்கூடும். விடையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். காடிலாக் ஒரு காரின் பெயராக நின்றுவிடவில்லை. ஆங்கில மொழியில் அது ஒரு சொல்லாகிவிட்டது. பேனாக்களுள் சிறந்ததைப் 'பேனாக்களின் காடிலாக்' என்றும், தையல் இயந்திரங்களுள் சிறந்ததைத் 'தையல் இயந்திரங்களின் காடிலாக்' என்றும் அமெரிக்கர்கள் சொல்வது வழக்கம். காரையே கண்டிராதவரும் அத்தொடரின் பொருளை உணர்வர்.

வணிகப் பெயர் ஆகுபெயராவது நமக்குப் புதிதன்று. வனஸ்பதிக்கு டால்டா என்றோம். படியெடுக்கும் கருவிக்கும் படியெடுத்த தாளுக்கும் செராக்ஸ் என்கிறோம். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. டால்டாவும் செராக்சும் ஒரு பொருளின் இனத்தைக் குறிக்கின்றன. காடிலாக் என்னும் சொல்லோ தரத்தைக் குறிக்கிறது. ஒருவரைக் 'கர்ணன்' என்று நாம் சொல்லும்போது கொடைத்தன்மையின் உச்சத்தைச் சொல்கிறோம் அல்லவா? அவ்வகைப் பெயர் இது. 'பாவை வந்தாள்' என்பதில் உள்ள உவமையாகுபெயருக்கு நெருங்கிய உறவு எனலாம்.

கர்ணனுக்கு அப்பொருளை அளித்தது காவியம். காடிலாக்குக்கு அளித்தவர் யார்? வண்டியைச் செய்தவரா, விளம்பரம் எழுதியவரா, வாங்கியவரா, வாங்க விடாமல் தடுக்கப்பட்டவரா? சொல்லையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வினா அயலானதன்று. இவ்வினாவை முன்வைத்தே நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்த இப்பெயரின் வரலாற்றை இக்கட்டுரை நோக்குகிறது.

பெயர் சூடிக்கொண்டவர்

காடிலாக் என்பது முதலில் ஒரு மனிதரின் பெயர். அதிலும் அவரே தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர். பிரான்சின் தென்மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் 1658ஆம் ஆண்டு அந்துவான் லோமே என்பவர் பிறந்தார். தந்தையார் உள்ளூரில் சட்டப்பணி செய்தவர். பிரபு மரபினர் அல்லர். இளைஞரான அந்துவான் கடல் கடந்து வட அமெரிக்காவின் பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிக்குச் சென்றார். அங்கே 1687இல் கியூபெக் நகரில் அவர் மணம் செய்துகொண்டபோது பதிவேட்டில் லோமே என்னும் பெயர் இல்லை. 'லா மோத் காடிலாக்' என்னும் உயர்குடிப் பெயர் இருந்தது. தம் சொந்த ஊருக்கு அருகில் வாழ்ந்த ஒரு பிரபுவின் மரபுச் சின்னத்தைத் தழுவித் தமக்கும் ஒரு கேடயச் சின்னத்தை அவர் அமைத்துக்கொண்டார். பெருங்கடலுக்கு அப்பால் அதைச் சரிபார்ப்பார் யாருமில்லை.

பெயர் புனைவாயினும் செயல் மெய்யானது. 1701ஆம் ஆண்டு சூலை 24ஆம் நாள் இரு பேரேரிகளை இணைக்கும் நீர்வழியின் கரையில் அவர் ஒரு கோட்டையை நிறுவினார். அதுவே பின்னாளில் டெட்ராய்ட் நகரமாயிற்று. பிறகு அவர் லூயிசியானாப் பகுதியின் ஆளுநரானார், பதவி இழந்தார், தாயகம் திரும்பிப் பாரிசின் பாஸ்டில் சிறையிலும் சில காலம் இருந்தார், 1730இல் மறைந்தார்.

1901இல் டெட்ராய்ட் தன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியது. நகரை நிறுவியவரின் பெயர் மக்கள் நாவில் மீண்டும் வழங்கிய அந்த வேளையில், அடுத்த ஆண்டே புதிய கார் நிறுவனம் ஒன்று அங்கே தோன்றிற்று. அது அவர் பெயரையும் கேடயத்தையும் எடுத்துக்கொண்டது. கேடயத்தில் இருந்த சிறு பறவைகளும் உடன் வந்தன. உயர்குடியினர் அல்லாத ஒருவர் தமக்கென்று புனைந்த உயர்குடிச் சின்னம், இவ்வாறு அமெரிக்கச் செல்வர்களின் வண்டி முகப்பில் ஏறியது. தகுதி உண்டென்று தாமே சொல்லிக்கொண்டு பிறகு அதை மெய்ப்பிக்கும் இந்தப் போக்கு, பின்வரும் வரலாற்றிலும் வேறு வடிவங்களில் வருவதைக் காண்போம்.

அளவு தந்த மதிப்பு

நிறுவனத்தின் தோற்றமும் சுவையானது. என்றி போர்டு தொடங்கிய இரண்டாம் நிறுவனத்தில் முதலீட்டாளர்களோடு மனவேறுபாடு ஏற்பட்டது. 1902இல் அவர் விலகினார். எஞ்சிய இயந்திரங்களையும் கட்டடத்தையும் விற்றுவிட எண்ணிய முதலீட்டாளர்கள், விலை மதிப்பிட்டுத் தருமாறு என்றி லேலண்ட் என்பவரை அழைத்தனர். மதிப்பிட வந்தவரோ, விற்க வேண்டாம் என்று சொல்லித் தாம் வடிவமைத்த எஞ்சினைக் காட்டினார். 1902 ஆகஸ்டில் பிறந்தது காடிலாக் நிறுவனம். போர்டு கைவிட்ட இடத்தில் காடிலாக் தோன்றியது. பின்னர் லேலண்ட் காடிலாக்கை விட்டு 1917இல் விலகி லிங்கன் என்னும் நிறுவனத்தைத் தொடங்க, அதனை 1922இல் போர்டு நிறுவனம் வாங்கியது. அமெரிக்காவின் இருபெரும் சொகுசுக் கார்களுக்கும் தந்தை ஒருவரே என்பது நோக்கத்தக்கது.

லேலண்ட் 1843இல் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க்காலத்தில் துப்பாக்கித் தொழிற்சாலையிலும், பின்னர் அளவைக் கருவிகளுக்குப் பெயர்பெற்ற நிறுவனத்திலும் வேலை கற்றவர். ஓர் உறுப்பை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்து செய்ய வேண்டும் என்பதே அவர் கொள்கை. அக்காலத்துக் கார்களில் ஒவ்வோர் உறுப்பையும் தொழிலாளி அரம் கொண்டு தேய்த்து அந்தந்த வண்டிக்குப் பொருத்துவார். ஒரு வண்டியின் உறுப்பு அதே வகையைச் சேர்ந்த மற்றொரு வண்டிக்குப் பொருந்தாது. லேலண்ட் அந்நிலையை மாற்றினார்.

மாற்றியதற்குச் சான்று இங்கிலாந்தில் கிடைத்தது. 1908ஆம் ஆண்டு தொடக்கத்தில் அந்நாட்டு அரச கார்க் கழகத்தின் மேற்பார்வையில், புரூக்லண்ட்சு ஓடுதளத்தில் மூன்று காடிலாக் கார்கள் சோதனைக்கு நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றும் 721 உறுப்புகளாகப் பிரிக்கப்பட்டது. மூன்றின் உறுப்புகளையும் ஒரே குவியலாகக் கலந்தனர். அவற்றில் 89 உறுப்புகளை எடுத்துவிட்டு, அவற்றுக்கு ஈடாக விற்பனையாளரின் கிடங்கிலிருந்த உதிரி உறுப்புகளை வைத்தனர். பின்னர் எளிய கைக்கருவிகளைக் கொண்டே மூன்று வண்டிகளை மீண்டும் பூட்டினர். ஒன்றின் உடலில் மற்றொன்றின் நிறம் கலந்து, பலநிறத் துணியொட்டுப் போலத் தோன்றிய அம்மூன்றும் எஞ்சின் முடுக்கப்பட்டு ஓடுதளத்தில் 500 மைல் ஓடின. அந்த ஆண்டின் டியூவர் கோப்பை காடிலாக்குக்கு வழங்கப்பட்டது. ஓர் அமெரிக்கக் கார் அதனைப் பெற்றது அதுவே முதன்முறை. 'உலகின் அளவுகோல்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அதன்பின் நிறுவனத்துக்குத் தடையில்லை. அத்தொடரில் உள்ள அளவுகோல் என்னும் சொல், அன்று உருவகமாக இல்லாமல் நேர்ப்பொருளிலேயே நின்றது என்பதை நாம் மறக்கலாகாது.

1909இல் ஜெனரல் மோட்டார்சு நிறுவனம் காடிலாக்கை வாங்கியது. 1912ஆம் ஆண்டு வண்டிகளில் சார்லசு கெட்டரிங் உருவாக்கிய மின்முடுக்கி இடம்பெற்றது. அதற்குமுன் காரின் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றியே எஞ்சினை முடுக்க வேண்டும். கைப்பிடி எதிர்த்து அடித்தால் கை முறியும், தாடை உடையும், உயிருக்கே ஊறு நேர்வதும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலை வந்ததும், உடல்வலிமையும் துணைக்கு ஆளும் இல்லாதவரும் கார் ஓட்டலாம் என்றாயிற்று. பெண்கள் தாமே வண்டியெடுத்துச் செல்லும் வழியை அகலத் திறந்தவற்றுள் இக்கண்டுபிடிப்பும் ஒன்று.

வண்டியைச் சொல்லாத விளம்பரம்

இதுவரை பெயரின் மதிப்பு வண்டிக்குள் இருந்தது. அது வண்டியை விட்டுச் சொல்லுக்குள் குடியேறிய நாளையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. 1914இல் வி வடிவில் எட்டு சிலிண்டர்கள் அமைந்த எஞ்சினைக் காடிலாக் வெளியிட்டது. புதுமையில் சில குறைகள் இருந்தன. போட்டியாளர்கள் அவற்றைச் சுட்டிப் பேசினர். மறுமொழியாக 1915 சனவரி 2ஆம் நாள் ஒரு வார இதழில் ஒரு பக்க விளம்பரம் வந்தது. எழுதியவர் தியோடர் மெக்மானசு. 'முன்னிற்பவன் இறுக்கும் தண்டம்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். எத்துறையிலும் முதல்வனாக நிற்பவன் பொறாமைக்கும் தூற்றலுக்கும் ஆளாவான். அவன் செயல் நிலைத்தால் தூற்றல் தானே ஓயும் என்பது அதன் சாரம்.

அந்த முழு உரையிலும் எட்டு சிலிண்டர் இல்லை; விலை இல்லை; கார் என்னும் சொல்கூட இல்லை. படமும் இல்லை. நிறுவனத்தின் பெயரும் கேடயச் சின்னமும் மட்டும் உரைக்கு வெளியே நின்றன. அதன் படிகளைக் கேட்டு மக்கள் எழுதினர். விளம்பரக் கலையின் வரலாற்றில் பல தலைமுறை போற்றும் எழுத்தாயிற்று. நம் மரபில் பாட்டுடைத் தலைவனின் பெயரைச் சுட்டாமலே அவன் சிறப்பை உணர்த்தும் உத்தி உண்டு. வணிகமும் அவ்வுத்தியைக் கண்டுகொண்டது எனலாம்.

அடுத்து வந்தது உருவம். லாசு ஏஞ்சல்சு நகரில் திரைப்பட நடிகர்களுக்குக் கார் உடல்களை அமைத்துக் கொடுத்த ஆர்லி ஏர்ல் என்பவரை அழைத்து, காடிலாக் பிரிவு தயாரிக்கவிருந்த சற்றே விலை குறைந்த வண்டிக்கு உருவம் அமைக்கச் சொன்னார்கள். 1927இல் வெளிவந்த அவ்வண்டிக்கு மற்றொரு பிரெஞ்சு நாடாய்வாளரின் பெயர் இடப்பட்டது: லாசால். 1940 வரை அப்பெயரில் வண்டிகள் வந்தன. இப்பெயரை அன்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். கட்டுரையின் இறுதியில் ஒரு லாசால் வரவிருக்கிறது.

1930 சனவரியில், பங்குச்சந்தை வீழ்ந்த சில திங்களுக்குள், பதினாறு சிலிண்டர் கொண்ட காடிலாக் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. அரண்மனைகளுக்கு உரிய அவ்வண்டி பதினோரு ஆண்டுகளில் நாலாயிரத்துச் சொச்சமே விற்றது. நாடு வேலையின்றித் தவித்த வேளையில் காடிலாக் பிரிவையே மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது.

மூடிய கதவும் அதைத் தட்டியவர்களும்

இவ்விடத்தில்தான் நம் வினாவுக்கு எதிர்பாராத விடை கிடைக்கிறது. அதை எழுதி வைத்தவர் மேலாண்மையியல் அறிஞர் பீட்டர் டிரக்கர். செருமனியிலிருந்து குடியேறிய நிக்கலசு டிரைசுடட் அப்போது காடிலாக்கின் பழுதுபார்ப்புப் பணிகளுக்குப் பொறுப்பாளர். விற்பனை நிலையங்களுக்குச் சென்றபோது ஒன்றை அவர் கவனித்தார். காடிலாக் கார்களைப் பழுதுபார்க்கக் கொண்டுவருவோரில் கறுப்பினத்தவர் பலர் இருந்தனர். குத்துச்சண்டை வீரர், மருத்துவர், பாடகர், நிலத் தரகர் எனச் செல்வம் ஈட்டியவர்கள் அவர்கள். ஆனால் கறுப்பினத்தவருக்குக் காடிலாக் விற்பதில்லை என்பது நிறுவனத்தின் கொள்கை! விற்காத வண்டி அவர்கள் கைக்கு வந்தது எவ்வாறு? வெள்ளையர் ஒருவருக்குக் கூடுதல் பணம் கொடுத்து, அவர் பெயரில் வாங்கச் செய்து பெற்றுக்கொண்டார்கள்.

ஏன் இத்தனை இன்னலுக்கிடையே வாங்கினார்கள் என்பதற்கும் டிரக்கரின் குறிப்பு விடை தருகிறது. பணம் இருந்தும் நல்ல பகுதியில் அவர்களால் வீடு வாங்க இயலாது. பெரிய விடுதிகளில் தங்க இயலாது. வெற்றியின் அடையாளமாக வாங்கக்கூடியதாக எஞ்சியது ஒரு கார் மட்டுமே. நிறுவனத்தின் மேல்குழு காடிலாக்கைக் கைவிடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது டிரைசுடட் அங்கே நுழைந்து, இந்த வாங்குவோரை நேரடியாக வரவேற்கலாமே என்று வாதாடினார் என்கிறார் டிரக்கர். கொள்கை மாறியது; விற்பனை எழுந்தது; 1934இல் டிரைசுடட் காடிலாக் பிரிவின் தலைவரானார்.

இதை நிறுவனத்தின் பெருந்தன்மை என்று கொள்ள வேண்டியதில்லை. கணக்குப் பார்த்துத் திறந்த கதவு அது. ஆயினும் 'உலகின் அளவுகோல்' எனத் தன்னைச் சொல்லிக்கொண்ட பெயரை, எவரை அது வாயிலில் நிறுத்தியதோ அவர்களே காப்பாற்றினார்கள் என்பது வரலாற்றின் முரண்.

அக்காலத்தில் கறுப்பினத்தவருக்குக் கார் என்பது சொகுசு மட்டுமன்று. தென் மாநிலங்களில் பேருந்திலும் தொடர்வண்டியிலும் அவர்களுக்கெனப் பிரித்து வைத்த இடத்திலேயே அமர வேண்டும். சொந்தக் காரில் எந்த இருக்கையிலும் அமரலாம். எனினும் வழியில் எங்கே உண்பது, எங்கே உறங்குவது என்னும் இடர் இருந்தது. நியூயார்க்கில் வாழ்ந்த அஞ்சல் ஊழியரான விக்டர் கிரீன் 1936 முதல் அதற்கென்றே ஒரு வழிகாட்டி நூலை ஆண்டுதோறும் வெளியிட்டார். பெரிய, உறுதியான, பழுதாகி வழியில் நின்றுவிடாத கார் அவர்களுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதை இந்தப் பின்னணியில் வைத்தே உணர முடியும்.

1949 செப்டம்பரில், கறுப்பின மக்களின் புகழ்பெற்ற திங்களிதழான 'எபனி' இப்பொருளையே தலையங்கமாக எழுதியது. 'நீக்ரோக்கள் ஏன் காடிலாக் வாங்குகிறார்கள்' என்பது தலைப்பு. நீக்ரோ என்பது அக்கால வழக்கு. பகட்டு என்று இகழ்ந்தோர்க்கு மறுமொழியாக அமைந்த அத்தலையங்கம், தான் எந்த வெள்ளையருக்கும் குறைந்தவன் அல்லன் என்று உலகுக்குக் காட்டும் கருவியாகவே கறுப்பினத்தவர் அவ்வண்டியைக் கொள்கின்றனர் என வாதிட்டது. குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சனின் செந்நாரை நிறக் காடிலாக் ஆர்லம் தெருவில் நிற்பதைக் காணச் சிறுவர் கூடினர் எனில், அவர்கள் கண்டது ஒரு வண்டியை மட்டுமன்று.

துடுப்பு முளைத்த காலம்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் காடிலாக் அமெரிக்காவின் வளமைக்கே குறியீடாயிற்று. இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைப் போருக்குமுன் கண்டு வியந்த ஆர்லி ஏர்லின் குழுவினர், 1948ஆம் ஆண்டு வண்டியின் பின்புறத்தில் மீன் துடுப்புப் போன்ற சிறு எழுச்சியை அமைத்தனர். ஆண்டுக்கு ஆண்டு துடுப்பு வளர்ந்தது. 1959இல் அது வானை நோக்கி எழுந்து, நடுவே குண்டு வடிவில் இரு சிவப்பு விளக்குகளையும் தாங்கி நின்றது. அதனால் வண்டி விரைந்து ஓடியதில்லை. அணிக்காகவே இருந்த அணி அது. செய்யுளில் அணி மிகுந்தால் பொருள் மறையும் என்பதைக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. 1959க்குப் பின் துடுப்பு தாழ்ந்து, 1960களின் இடைப்பகுதியில் மறைந்தது.

1953 சனவரி 20இல் குடியரசுத் தலைவராகப் பதவியேற்ற ஐசனோவர் ஒரு காடிலாக் எல்டொராடோவில் நின்று மக்களுக்குக் கையசைத்தார். 7,750 டாலர் விலையுள்ள அவ்வகை வண்டிகள் அந்த ஆண்டு 532 மட்டுமே செய்யப்பட்டன. அதே ஆண்டின் முதல் நாளில், நாட்டுப்புறப் பாடகர் ஆங்க் வில்லியம்சு தம் காடிலாக்கின் பின்னிருக்கையில், இசை நிகழ்ச்சிக்குச் செல்லும் வழியில் இறந்து கிடந்தார். அவருக்கு வயது 29. வெற்றியின் ஊர்தியே பாடையும் ஆயிற்று. இரண்டு காட்சிகளும் மக்கள் நினைவில் நின்றன.

1955இல், மிசிசிப்பி மாநிலத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த எல்விசு பிரெசுலி ஒரு காடிலாக் வாங்கி, இளஞ்சிவப்பு வண்ணம் பூசித் தம் தாயாருக்கு அளித்தார். தாயார் கிளாடிசுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரியாதவருக்கு அளித்த அவ்வண்டி இன்றும் அவர் இல்லத்துக் காட்சியகத்தில் இருக்கிறது. சக் பெரி, புரூசு சுபிரிங்சுடீன், அரீத்தா பிராங்க்ளின் எனப் பல தலைமுறைப் பாடகர்கள் இப்பெயரைத் தம் பாடல்களில் எடுத்தாண்டனர். அழகுப்பொருள் வணிகம் நடத்திய மேரி கே ஆசு அம்மையார் 1969 முதல் தம் விற்பனைப் பெண்களுள் முதன்மையானோர்க்கு இளஞ்சிவப்புக் காடிலாக்கைப் பரிசளித்தார். ஆண்களின் வெற்றிச் சின்னமாக எண்ணப்பட்டதைப் பெண்கள் தம் உழைப்பால் ஈட்டிக் காட்டினர்.

பெயர் தேய்ந்த கதை

1974இல் டெக்சசு மாநிலத்தின் அமரில்லோ நகருக்கு அருகில், கோதுமை வயலில் பத்துக் காடிலாக் கார்கள் தலைகீழாகப் பாதி புதைக்கப்பட்டன. கலைஞர் குழு ஒன்றின் படைப்பு அது. 1949 முதல் 1963 வரையிலான வண்டிகள் வரிசையாக நிற்க, துடுப்பு தோன்றி வளர்ந்து தேய்ந்த வரலாறு வானத்தை நோக்கி எழுதப்பட்டது. அது நடுகல்லா, எள்ளலா என்று முடிவு செய்வது காண்போர் உள்ளத்தைப் பொறுத்தது. பின்வந்த ஆண்டுகள் இரண்டுக்கும் இடமளித்தன.

1976இல், அமெரிக்காவின் இறுதித் திறந்த கூரைக் கார் என்று சொல்லி எல்டொராடோவை நிறுவனம் விற்றது. நினைவுப் பொருளாகப் போற்றப் பலர் மிகுந்த விலை கொடுத்து வாங்கினர். 1984ஆம் ஆண்டு வண்டிகளில் திறந்த கூரை திரும்ப வந்தது. முன்பு வாங்கியவர்கள் வழக்குமன்றம் ஏறினர். 'இறுதி' என்னும் சொல்லைக் காசாக்கியவர்கள் அச்சொல்லுக்குப் பொறுப்பேற்கவில்லை என்பதே அவர்கள் முறையீடு.

1978இல் விற்பனை மூன்றரை இலட்சம் அளவை எட்டியது. எண்ணிக்கை ஏறிய அளவுக்கு அருமை இறங்கியது. எரிபொருள் நெருக்கடிக்கு விடையாக வந்த டீசல் எஞ்சின்கள் பழுதாயின. தேவைக்கேற்ப எட்டு, ஆறு, நான்கு சிலிண்டர்களில் மாறி ஓடும் என்று 1981இல் வந்த எஞ்சின், அதை ஆளும் மின்னணு அமைப்பு முதிராமையால் ஓட்டுவோரை வருத்தியது. 1982ஆம் ஆண்டின் சிமரான் இவற்றினும் கொடிது. அதே நிறுவனக் குடும்பத்தின் எளிய செவர்லே கேவலியர் வண்டியை எடுத்து, தோல் இருக்கையும் காடிலாக் கேடயமும் பொருத்திப் பன்மடங்கு மதிப்புடையதுபோல் விற்றனர். வாங்குவோர் ஏமாறவில்லை, 1988இல் அது நின்றது. 1908இல் 721 உறுப்புகளைக் கலைத்துக் காட்டி ஈட்டிய பெயரை, ஒரு கேடயத்தை ஒட்டிக் காட்டி இழந்தனர். இதற்கிடையே செருமானிய வண்டிகளும், 1980களின் பிற்பகுதியில் வந்த சப்பானியச் சொகுசு வண்டிகளும் புதிய அளவுகோல்கள் ஆயின. 1998இல் லேலண்டின் இரண்டாம் பிள்ளையான லிங்கன் அமெரிக்க விற்பனையில் முந்தியது. முந்தவில்லை என்று முதலில் காட்டிய காடிலாக்கின் எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்பதை 1999இல் நிறுவனமே ஒப்ப நேர்ந்தது.

சொல்லின் பொருளும் உடன் மாறியது. 1976ஆம் ஆண்டுத் தேர்தல் காலத்தில், அரசின் உதவித்தொகையைச் சுரண்டிக்கொண்டு காடிலாக் ஓட்டித் திரியும் பெண் என்னும் படிமம் அமெரிக்க அரசியலில் பரவியது. பெயர் சொல்லாமலே அப்பெண் கறுப்பினத்தவள் என்று கேட்போர் கொண்டனர். கறுப்பினத்தவர் தம் மானத்தின் அடையாளமாகத் தேர்ந்த அதே வண்டி அவர்கள்மேல் வீசும் கல்லாயிற்று. 2010ஆம் ஆண்டின் நலவாழ்வுக் காப்பீட்டுச் சட்டத்தில், விலை மிகுந்த காப்பீட்டுத் திட்டங்கள்மீது 40 விழுக்காட்டு வரி விதிக்கும் பிரிவு இருந்தது. மக்கள் அதற்கு இட்ட பெயர் 'காடிலாக் வரி'. நடைமுறைக்கு வராமலே 2019இல் அது நீக்கப்பட்டது. மேன்மையைக் குறித்த சொல் மிகையைக் குறிக்கத் தொடங்கியதற்கு அது சான்று. சொற்பொருள் மாற்றத்தில் இழிபொருட்பேறு என நாம் கற்பிக்கும் வகை இதுவே.

மீண்டும் ஏறிய பெயர்

பெயரை மீட்டவர்களும் வெளியிலிருந்தே வந்தனர். 1998இல் அவசரமாகச் சந்தைக்கு வந்த எசுகலேடு என்னும் பெருவண்டி, நிறுவனத்தின் வேறொரு வண்டிக்கு முகம் மாற்றிய வடிவமே. ஆனால் 2000க்குப் பின் கறுப்பின இளைஞர்களின் ராப் இசைப் பாடகர்களும் கூடைப்பந்து வீரர்களும் அதனைத் தம் வெற்றியின் அடையாளமாக எடுத்துக்கொண்டனர். முதியோர் வண்டி என்று ஒதுக்கப்பட்டது இளையோர் பாட்டில் ஏறியது. நிறுவனம் திட்டமிட்டுப் பெற்ற பேறன்று இது. டிரைசுடட் காலத்தில் நிகழ்ந்ததன் மறுநிகழ்வு.

நிறுவனமும் தன்னைத் தேடிக்கொண்டே இருக்கிறது. நூற்றாண்டின் திருப்பத்தில் கேடயத்திலிருந்து பறவைகளை எடுத்தது. 2014இல் அதைச் சூழ்ந்த மாலையையும் எடுத்தது. தலைமையகத்தை நியூயார்க்குக்கு மாற்றியது. சில ஆண்டுகளில் மிச்சிகனுக்கே திரும்பியது. 2022 முதல் மின்சாரக் கார்களைச் செய்கிறது. மூன்று இலட்சம் டாலருக்கு மேல் விலையுள்ள செலசுடிக் என்னும் வண்டியைக் கையால் ஒவ்வொன்றாக அமைக்கிறது. மின்முடுக்கியைத் தந்த பெயர் மின்சாரத்தின் பக்கம் திரும்புவது பொருத்தமே. அம்முயற்சி பழைய சொல்லுக்குப் பழைய பொருளை மீட்டுத் தருமா என்பதைப் பொறியாளர் மட்டும் முடிவு செய்ய இயலாது என்பதே இவ்வரலாறு காட்டுவது.

நிறைவாக

2018 ஆகஸ்டு 31ஆம் நாள் டெட்ராய்டில் பாடகர் அரீத்தா பிராங்க்ளினின் இறுதிச் சடங்கு நடந்தது. தேவாலயத்துக்கு வெளியே நூற்றுக்கும் மேற்பட்ட இளஞ்சிவப்புக் காடிலாக் கார்கள் வரிசையாக நின்றன. அவற்றுள் பல, பெண்கள் தம் உழைப்புக்குப் பரிசாகப் பெற்றவை. அம்மையாரின் உடலைத் தாங்கி வந்தது 1940ஆம் ஆண்டின் லாசால். அவர் தந்தையாரை 1984இல் சுமந்ததும் அதே வண்டி. 2005இல் அது மற்றொருவரையும் சுமந்தது. அவர் ரோசா பார்க்சு. 1955 டிசம்பர் முதல் நாளில் மாண்ட்கோமரி நகரப் பேருந்தில் தம் இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான அதே ரோசா பார்க்சு.

அவ்வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது, கறுப்பினத்தவருக்கு விற்கலாமா என்னும் வினா விற்பனைக் கூடங்களில் எழுந்து அடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தமக்கு உரியதன்று எனச் சொல்லப்பட்ட இருக்கையில் அமர்ந்திருந்தவரை, அவர் இனத்தவருக்கு உரியதன்று எனச் சொல்லப்பட்ட வண்டியின் உடன்பிறப்பு இறுதியில் ஏந்திச் சென்றது. காடிலாக் என்னும் சொல்லின் உள்ளே அளவுகோலும் உண்டு, விளம்பரமும் உண்டு, துடுப்பும் உண்டு. ஆனால் மிக ஆழத்தில் இருக்கும் பொருள், வாயிலில் நிறுத்தப்பட்டவர்கள் வைத்த பொருள்.

சொல்லை ஆக்குவோர் ஒருவர். அதற்கு உயிர்ப்பொருள் ஏற்றுவோர் மற்றொருவர். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தில் கூடிச் சொல்லைப் பேணும் நாம், நம் சொற்களுக்குள் யார் யார் நுழைய இயலாமல் வெளியே நிற்கின்றனர் என்பதையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். அடுத்த பத்தாண்டின் கவிதை அவர்களிடமிருந்து வரக்கூடும். வட்டம் வளர்க!